டமாரமும் ஙொய்ங் பெட்டியும்

டமாரத்தின் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். மூன்று தெரு என்பது கொஞ்சம் அதிகம்தான். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் இரண்டரைத் தெரு.

அவள் "தண்ணி வேணும்" என்றால் மேல் மாடிக்காரர் சொம்போடு இறங்கி வருவார். ரகசியம் சொல்ல வாயைத் திறந்தால் தெருமுனை நாய் காதை நிமிர்த்தும். வகுப்பில் அவள் பக்கத்துப் பெண்ணிடம் ரப்பர் கேட்டால், அடுத்த வகுப்பிலிருந்து யாராவது எடுத்து ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். பத்து வயதுப் பெண்ணுக்கு வீட்டில் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. அது எங்கேயோ பீரோவுக்கு அடியில் கிடக்கிறது. எல்லோருக்கும் அவள் டமாரம்தான்.

"கொஞ்சம் மெதுவா பேசேன்டி" என்பாள் அம்மா.

"மெதுவாத்தாம்மா பேசுறேன்!" என்பாள் டமாரம். அலமாரியில் தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

அந்த வீட்டில் அவள் குரலைக் குறை சொல்லாத ஒரே ஆள் சித்தி. சித்தி பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க வாயைத் திறந்தபடி இருந்தும் ஒரு வார்த்தை பேச முடியாத மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்ததால், வீட்டுக்கு வந்ததும் யாராவது வாய் ஓயாமல் பேசினால் அவளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். சாயங்காலமானால் கிட்டார் எடுத்து வாசிப்பாள். டமாரம் எதிரில் உட்கார்ந்து கேட்பாள். சித்தியின் முதல் ரசிகை அவள்தான். இரண்டாவது ரசிகரை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சித்தி ஒரு நாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தாள்.

வாங்கி வந்தாள் என்று சொல்லிவிடுவது சுலபம். அதை மூன்றாவது மாடிக்கு ஏற்றியது யார்? அப்பா! லிஃப்ட் இல்லாத கட்டடம். யானைக்குட்டியைத் தூக்கி வருவதுபோல, ஒவ்வொரு படியிலும் நின்று, ஒவ்வொரு மாடியிலும் சித்தியைத் திட்டி, ஒரு வழியாக வீட்டுக்குள் இறக்கினார்.

"உள்ள யாராவது குடியிருக்காங்களா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இருந்தாங்க" என்றாள் சித்தி, பின்பக்கத்தை எட்டிப் பார்த்து. ஒரு கரப்பான் குடும்பம், எலி கட்டிய மெத்தை, யாரோ எப்போதோ தொலைத்த ஒற்றைச் சாக்ஸ்.

அது கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர். வால்வு வைத்த பழைய காலத்துப் பெட்டி. வால்வு என்றால் சின்னக் கண்ணாடிக் குப்பி. சூடானால் உள்ளே செம்மஞ்சள் வெளிச்சம் மினுமினுக்கும்.

சித்தியும் டமாரமும் பெட்டியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார்கள். பல் ஆஸ்பத்திரிக்காரி வேறு எதைக் கொண்டு சுத்தம் செய்வாள்? வீட்டிலிருந்த பழைய டூத் பிரஷ் அத்தனையும் வேலைக்கு வந்தன. மரச்சட்டம், திருகுகள், இடுக்கு முடுக்கு எல்லாவற்றையும் தேய்த்தார்கள். முன்பக்கத்தில் கிழிந்து தொங்கிய துணிக்குப் பதிலாக அம்மாவின் பழைய திரைச்சீலையை வெட்டி ஒட்டினார்கள். அது பழைய திரைச்சீலை இல்லை, புதுசு என்பது ஒட்டின பிறகுதான் தெரிந்தது. அதை விடுங்கள்.

"உள்ள இருக்கிற அந்த இரும்புத் தட்டையும் தேய்க்கலாமா சித்தி?"

"அதை மட்டும் தொடக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிட்டாக்கூட அதுக்குள்ள கரண்ட் பதுங்கியிருக்கும். அது மெக்கானிக் வேலை. உன் வேலையும் இல்ல, என் வேலையும் இல்ல."

ஆகவே பெட்டி மெக்கானிக் மாமாவின் கடைக்குப் போனது. அப்பாதான் தூக்கினார்.

மெக்கானிக் மாமா உலகத்திலேயே அமைதியான மனிதர். அவர் கடையில் குண்டூசி விழுந்தால், குண்டூசியே மன்னிப்புக் கேட்கும். சுவரில் ஒரு பலகை: 'பேசாதீர்கள். இங்கே காது வேலை செய்துகொண்டிருக்கிறது.' ஒரு கையால் ஸ்க்ரூ டிரைவர் பிடித்து வேலை செய்வார். இன்னொரு கை எப்போதும் பேண்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும்.

"மாமா, பாக்கெட்ல என்ன?" என்று கேட்டாள் டமாரம்.

மெக்கானிக் மாமா துள்ளி விழுந்தார். "கை" என்றார்.

"அதை ஏன் வெளிய எடுக்க மாட்டேங்கிறீங்க?"

"ரெண்டு கையையும் பெட்டிக்குள்ள விட்டா, கரண்ட் ஒரு கையில ஏறி இன்னொரு கையில இறங்கும். நடுவுல நெஞ்சு இருக்கு. அதனால இந்தக் கைக்கு எப்பவும் லீவு."

"அப்ப முதுகு அரிச்சா? தும்மல் வந்தா? கொசு கடிச்சா? ரெண்டு கொசு கடிச்சா?"

மாமாவின் கையிலிருந்த திருகாணி நழுவி எங்கோ உருண்டு ஓடியது. அவர் சித்தியிடம் மெல்லக் குனிந்து சொன்னார்: "அடுத்த தடவை பெட்டி மட்டும் வந்தாப் போதும்மா."

கரண்டைப் பதுக்கி வைக்கும் பழைய கண்டென்சர்களை எல்லாம் மாற்றி, புது வயர் போட்டு, பெட்டி வீடு திரும்பியது. சித்தி ஸ்விட்சைப் போட்டாள். குப்பிகளுக்குள் செம்மஞ்சள் வெளிச்சம் மெதுவாக விழித்தது. சித்தி சத்தத்தைக் குறைவாக வைத்துக்கொண்டாள். கீழ் வீட்டுக்காரர் இரவுக் காவல் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர். டமாரத்தின் குரலுக்கு அவர் பழகிவிட்டார். கிட்டாருக்கு இன்னும் பழகவில்லை.

சித்தி ஒரு தந்தியைத் தட்டினாள். அடடா! சத்தமா அது? குளிர்காலத்தில் கம்பளிக்குள் கால் நீட்டியது மாதிரி இருந்தது. அப்பாவே இடுப்பு வலியை மறந்துவிட்டார்.

டமாரம் பெட்டியின் முன்னால் குதித்து நின்று கத்தினாள்: "சூப்பர் சித்தி!"

"ஙொய்ங்ங்ங்ங்!" என்றது பெட்டி.

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு டமாரத்தைப் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே!" என்றாள் அவள்.

"ஙொய்ங்ங்ங்ங்!"

அப்பா இருமிப் பார்த்தார். பெட்டி சும்மா இருந்தது. அம்மா பாட்டுப் பாடிப் பார்த்தாள். சும்மா இருந்தது. அப்பா "இப்ப நான் பாடுறேன்" என்று தொண்டையைச் செருமினார். அம்மா வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். டமாரம் வாயைத் திறந்தால் மட்டும் ஙொய்ங்.

பெட்டி மறுபடி கடைக்குப் போனது. டமாரம் வீட்டிலேயே நிறுத்தப்பட்டாள். மெக்கானிக் மாமா பெட்டியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். சித்தியும் அப்பாவும் மூச்சுவிடாமல் நின்றார்கள். பெட்டி பால் குடித்த பூனைக்குட்டி மாதிரி சமர்த்தாக இருந்தது.

"ஒண்ணுமில்லையேம்மா" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்தது. ஙொய்ங். மறுபடி கடை. ஒண்ணுமில்லை. மறுபடி வீடு. ஙொய்ங். அப்பா நடக்கும்போதே பக்கவாட்டில் சாயத் தொடங்கினார். கடைசியில் மெக்கானிக் மாமா சொன்னார்: "பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. உங்க வீட்டுக்குத்தான் ஏதோ கோளாறு."

இதற்குள் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிவிட்டது. அன்றைக்கு நூலக அரங்கில் சித்தி முதல் முறையாக மேடையில் வாசிக்கப் போகிறாள். பல் டாக்டர் டிரம்ஸ் வாசிப்பார். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா பாடுவாள். டமாரம் முன்வரிசையில் உட்காருவது என்று எப்போதோ முடிவாகியிருந்தது. முடிவு செய்தவள் அவளேதான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை டமாரத்தைக் கீழ் வீட்ல விட்டுட்டுப் போவோம். பெட்டி வாயை மூடிக்கும்."

டமாரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அவ இல்லாம நான் வாசிக்க மாட்டேன் அத்தான்" என்றாள் சித்தி.

"அப்ப பெட்டி இல்லாம வாசி!"

சித்தி பெட்டியைப் பார்த்தாள். எத்தனை டூத் பிரஷ் தேய்ந்த பெட்டி! அவள் முகம் வாடிப்போனது. அதை டமாரத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் பேசலைன்னா சரியாப்போகுமா? இந்த நிமிஷத்துலேர்ந்து பேச மாட்டேன்!" என்றாள்.

"ஙொய்ங்ங்" என்றது பெட்டி, சந்தேகத்தோடு.

அன்று அந்த வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. டமாரம் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட மட்டும் திறந்தாள். அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மேல் மாடிக்காரர் சொம்போடு வந்து நின்று, "இன்னிக்குத் தண்ணி வேண்டாமா?" என்று கவலையாகக் கேட்டார். கீழ் வீட்டுக்காரர், "என்னங்க, ஒரு சத்தத்தையும் காணோம், எனக்குத் தூக்கமே வரலையே!" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

சாயங்காலம் சித்தி வாசிக்க உட்கார்ந்தாள். அப்பா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். அப்போது ஒரு கரப்பான் நாற்காலியின் கால் வழியாக ஏறியது.

டமாரம் பார்த்தாள். கையை ஆட்டினாள்.

"என்ன, ஆடணுமா? ஆடும்மா" என்றார் அப்பா.

கரப்பான் சட்டைக்கு ஏறியது. டமாரம் தன் தோளைத் தட்டிக் காட்டினாள்.

"தோள் வலியா? எனக்கும்தான்."

கரப்பான் காலருக்கு வந்தது. மீசையை முறுக்கியது. அப்பாவின் கழுத்தை நோக்கிக் காலை எடுத்து வைத்தது.

"அப்பா! கரப்பான்!"

"ஙொய்ங்ங்ங்ங்ங்!"

அப்பா கட்டிலுக்குத் தாவினார். அந்த இடுப்போடு எப்படித் தாவினார் என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

டமாரம் அழுதுகொண்டே பால்கனிக்கு ஓடினாள். சித்தி பின்னாலேயே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னால முடியலை சித்தி. ஒரு நாள்கூட முடியலை."

"போடி அசடு. தப்பு உன்மேல இல்ல. எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களும் இப்படித்தான். வீட்ல பல் வலி உயிர் போச்சுன்னு சொல்வாங்க. டாக்டர் முன்னாடி உக்காந்ததும் வலி இருக்கிற இடம் தெரியாது. எந்தப் பல்லுன்னு அவங்களுக்கே மறந்துபோகும்."

"அப்ப டாக்டர் என்ன பண்ணுவாரு?"

"ஜில்லுனு கொஞ்சம் தண்ணி கொடுத்துக் கொப்பளிக்கச் சொல்வாரு. வலி தானா வந்து 'இதோ இருக்கேன்'னு நிக்கும்."

டமாரம் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள்.

"சித்தி! அந்தப் பெட்டிக்கு ஜில்லு தண்ணி நான்தான்! என்னை விட்டுட்டுப் பெட்டியை மட்டும் தூக்கிட்டுப் போனா மாமாவுக்கு எப்படித் தெரியும்?"

சித்தி அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்: "அத்தான்! பெட்டியைத் தூக்குங்க!"

கட்டிலின்மேல் நின்றுகொண்டிருந்த அப்பா, கரப்பானே பரவாயில்லை என்பதுபோல் முனகினார்.

மறுநாள் காலை டமாரத்தைப் பார்த்ததும் மெக்கானிக் மாமா பலகையைக் காட்டினார். டமாரம் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். மாமா பெட்டியைப் போட்டார். சூடாகவிட்டார். கேட்டார்.

"பாத்தீங்களா? ஒண்ணுமில்லை."

டமாரம் வகுப்பில் செய்வதுபோலக் கையைத் தூக்கினாள். தன் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

"பேசணுமாம்" என்றாள் சித்தி. "ஒரே ஒரு வார்த்தை."

மாமா பெருமூச்சு விட்டார். "ஒரு வார்த்தைதான்."

டமாரம் பெட்டியின் முன்னால் போய் நின்றாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"வணக்கம்!"

"ஙொய்ங்ங்ங்ங்ங்ங்!"

மேசைமேல் திருகாணிகள் கும்மியடித்தன. பரண்மேல் தூங்கிய பூனை வாசலுக்கு வெளியே போய் விழுந்து, அப்படியே நிற்காமல் ஓடியது. தெருவில் போன ஒருவர், "வணக்கம்ங்க!" என்று பதில் சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் மாமாவின் முகம் மலர்ந்தது. புதுப் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி ஆகிவிட்டார்.

"ஆகா! இன்னொரு தடவை சொல்லு!"

"வணக்கம்!"

"ஙொய்ங்ங்ங்!"

"இங்க வந்து சொல்லு! அந்தப் பக்கம் போய்ச் சொல்லு! கொசு பத்தி என்னவோ கேட்டியே, அதைக் கேளு!"

டமாரம் ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் அங்கே கொட்டினாள். மாமா ஒரு பென்சிலை எடுத்தார். பெட்டிக்குப் பின்னால் குனிந்து, பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடிக் குப்பிகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக, பூவைத் தொடுவதுபோலத் தட்டினார்.

டொக். டொக். அடுத்தது, டிங்ங்ங்!

"மாட்டிக்கிட்டான்!" என்றார். "முதல் இடத்துல நிக்கிறானே, இவன்தான். வயசாகி உள்ள கம்பி தளர்ந்துபோச்சு. சத்தம் மேல பட்டா நடுங்குறான். முதல்ல நிக்கிறவன் முணுமுணுத்தாலும், பின்னால இருக்கிறவங்க எல்லாரும் அதை ஊதி ஊதிப் பெருசாக்கிடுவாங்க."

"எங்க வீட்ல சொந்தக்காரங்க வந்தா இப்படித்தான்" என்றார் அப்பா.

மாமாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. "பாப்பா, இப்ப நீ பேசாம இரு. நீ கிட்டாரைத் தட்டும்மா" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, பெட்டியின் சத்தத்தை மேடையில் வைப்பதுபோல நன்றாகத் திருகிக் கூட்டினார்.

சித்தி ஒரே ஒரு தந்தியைத் தட்டினாள். பெட்டி முதலில் பாடியது. பிறகு ஙொய்ங் என்றது. பிறகு அதை விடவே இல்லை. ஊளையிட்டது! ரயில் வண்டிக்குப் பல் வலி வந்தால் எப்படி இருக்கும், அப்படி. மாமா பாய்ந்துபோய் அணைத்தார்.



"வீட்லயும் குறைச்சு வச்சுக் கேட்டீங்க. நானும் குறைச்சு வச்சுக் கேட்டேன்" என்றார் மாமா. "நாளைக்கு மேடையில கூட்டி வச்சிருந்தா, தன் சத்தத்துக்குத் தானே கத்தியிருக்கும். அத்தனை பேரும் எழுந்து ஓடியிருப்பாங்க. இந்தப் பொண்ணு தொண்டை கிழியச் சொல்லியிருக்கா. நாமதான் காது கொடுக்கலை."

அப்பா சுவரில் தொங்கிய பலகையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தி டமாரத்தின் தலையைத் தன்பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"சரி, புது வால்வு போட்டுடுங்க" என்றாள்.

மாமா உதட்டைப் பிதுக்கினார். "இந்த வகை எங்கிட்ட இல்லையேம்மா. சொல்லி வச்சு வரவழைக்கணும். மாசக்கணக்கா ஆகும்."

சித்தி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

டமாரம் பெட்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். "மாமா, இந்தச் சின்னது மூணும் ஒரே மாதிரி இருக்கே?"

"மூணும் ஒரே வகைதான்."

"அப்ப இடத்தை மாத்தி உக்கார வச்சா என்ன? என்னை மொத பெஞ்சுல உக்கார வச்சிருந்தப்ப டீச்சருக்குத் தினமும் தலைவலி. கடைசி பெஞ்சுக்கு மாத்தினாங்க. இப்ப எங்க டீச்சருக்குத் தலைவலியே இல்ல."

"சரியாப்போச்சா?"

"இல்ல, இப்ப பின்னாடி க்ளாஸ் டீச்சருக்கு வருது. ஆனா பெட்டிக்குத்தான் பின்னாடி க்ளாஸ் இல்லையே!"

மாமா குப்பிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "கடைசியில நிக்கிறவன் முணுமுணுத்தா அதைப் பெருசாக்க அங்க யாரும் அவ்வளவா இல்லதான்" என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "இதை நானே சொல்ல இருந்தேன். அதுக்குள்ள நீ சொல்லிட்டே" என்றார்.

"தெரியும் மாமா" என்றாள் டமாரம் பெரிய மனதோடு.

பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டார்கள். மாமா துணியால் பிடித்து முதல் குப்பியைக் கடைசி இடத்துக்கும், கடைசியில் இருந்ததை முதல் இடத்துக்கும் மாற்றினார். பெட்டி மறுபடி சூடானது. சத்தத்தைக் கூட்டி வைத்தார். "ம், ஆரம்பி" என்று தன் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

"வணக்கம்!"

பெட்டி அசையவில்லை. அப்போதுதான் தைரியமாகத் திரும்பி வந்திருந்த பூனை மட்டும் மறுபடி ஓடிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை நூலக அரங்கு நிறைந்துவிட்டது. பாதிப்பேர் பல் டாக்டரிடம் வைத்தியம் பார்ப்பவர்கள். வராவிட்டால் அடுத்த முறை வலிக்க வலிக்கப் பிடுங்குவாரோ என்ற பயத்தில் வந்தவர்களும் உண்டு.

முன்வரிசையில் நடு நாற்காலியில் டமாரம். ஒரு பக்கம் அம்மாவும் அப்பாவும், இன்னொரு பக்கம் மெக்கானிக் மாமா.

சித்தி வாசித்தாள். அந்தப் பழைய பெட்டி அரங்கம் முழுவதையும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டது. பல் டாக்டர் டிரம்ஸை வெளுத்து வாங்கினார். இரண்டாவது பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமானது. சித்திக்கு இரண்டாவது ரசிகர் கிடைத்துவிட்டார். மூன்றாவதும், முந்நூறாவதும்கூட.

டமாரம் மட்டும் சத்தம் போடவில்லை. கண்ணெல்லாம் சிரிப்பாக, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடையில் சரியானது சரிதான். இங்கே மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்?

சித்தி அவளைப் பார்த்தாள். மைக்குக்குப் பக்கத்தில் வந்தாள்.

"என்ன டமாரம், நல்லா இல்லையா?"

ரொம்ப நல்லா இருக்கு என்று டமாரம் பலமாகத் தலையாட்டினாள். பெட்டியைக் கண்ணால் காட்டினாள்.

சித்தி சிரித்தாள். பெட்டியிடம் போய், சத்தத்தின் திருகை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லு."

டமாரம் நாற்காலியின் மேல் ஏறினாள். வாயிலிருந்து கையை எடுத்தாள். அரங்கத்தில் இருந்த காற்றில் பாதியை உள்ளே இழுத்தாள்.

"சூப்பர்ர்ர் சித்தீஈஈஈ!"

திரைச்சீலைகள் எழுந்து உட்கார்ந்தன. வெளியே சைக்கிளில் போனவர் இறங்கிவிட்டார். முன்வரிசையில் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பெட்டி மட்டும் செம்மஞ்சள் வெளிச்சத்தோடு, வாயே திறக்காமல், அடுத்த பாட்டுக்காகக் காத்திருந்தது.